பேத்தியின் படிப்புக்குக் கயிறு சாத்திய நாள்

மூத்த பிள்ளையார் முன்னின்று இடையூறு விலக்குக. நெல்லுக்கு வேலியாகி அடியவனைக் காத்த பெருமானும், அவனோடு உறையும் காந்திமதி அம்மையும் என் முதிய கையின் நடுக்கம் தீர்த்து, எழுதும் சொல்லுக்கு நேர்மை தருக. ஓதியே பழகிய நாவுக்கு உரைநடை எளிதில் வசப்படுவதில்லை. ஆயினும் மனம் நிறைந்திருக்கும்போது, வருகிற மொழியில் சொல்லிவிடத் தோன்றுகிறது.

ஆவணித் திங்கள், வளர்பிறைப் பஞ்சமியும் அத்த நட்சத்திரமும் கூடிய வியாழக்கிழமை இன்று. காலைப் பூசை முடித்து, நெற்றியில் நீறு உலரும் முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன். சொல்லப்போவது சென்ற வைகாசியில் எங்கள் வீட்டில் நடந்தது. என் பேத்தி எந்த அறிவியல் பட்டம் படிப்பது என்று இறைவனிடமே கேட்டுவிடுவோம் என நாங்கள் கூடி உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில், தேரோடும் வீதிக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் பணி முடித்து ஓய்ந்தபின் எனக்கு வேலை இரண்டே. காலையில் பதிகம் ஓதுவது ஒன்று. மாலையில் கோயிலுக்குப் போய்வருவது மற்றொன்று. மகன் வங்கியில் அதிகாரி. மருமகள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவர்களுக்கு ஒரே பெண். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில் உள்ள ஒரு கல்லூரி அவளுக்கு இரண்டு துறைகளில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒன்று கணினி அறிவியல். மற்றொன்று நிலவியல். திங்கட்கிழமை நேரில் வந்து, இரண்டில் எது வேண்டும் என்று சொல்லிச் சேர்ந்துகொள்ள வேண்டும்.

பேத்திக்கு நிலவியல்தான் வேண்டும். மகனுக்குக் கணினிதான் வேண்டும். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் இட்லி அவிந்ததும் குழம்பு கொதித்ததும் இந்த வழக்கின் சூட்டில்தான்.

"கம்ப்யூட்டர் படிச்சா சென்னை, பெங்களூர்னு எங்கன போனாலும் பொழைச்சுக்கிடலாம். கல்லப் படிச்சு என்னளா செய்யப் போற? கல்லுக்கடை வைக்கப் போறியா?" என்பான் மகன்.

"வச்சா ஒங்க பேங்க்ல லோன் குடுப்பீங்களாப்பா?"

"வாயப் பாரு! இந்த வாயிக்கு வக்கீல் படிப்புதான் சரி."

"அதுக்கும் நிலவியலுக்கும் நடுவுல நீங்க எதச் சொன்னாலும் நான் நிலவியல்தான் சொல்லுவேன்."

மருமகள் இருவருக்கும் நடுவே சட்னி பரிமாறிக்கொண்டு நிற்பாள். அவளுக்குத் தன் மகள் கணக்கு படிக்கவில்லையே என்ற குறை தனியாக உண்டு. அதனால் யார் பக்கமும் சேரவில்லை.

பேத்திக்கு இந்த ஆசை எங்கே முளைத்தது என்பது எனக்குத் தெரியும். நானும் உடன் இருந்தேன். சென்ற ஆண்டு ஏரலில் ஓர் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், கொற்கையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான்தான் வண்டியைத் திருப்பச் சொன்னேன். பாண்டியர்களின் துறைமுகம், முத்துக் குளித்த பேரூர் என்றெல்லாம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். இறங்கிப் பார்த்தால் வாழைத்தோட்டமும் குளமும் வரப்பும்தான். பேத்தி வரப்பில் குனிந்து மண்ணிலிருந்து ஒரு சிப்பி ஓட்டை எடுத்தாள். பக்கத்தில் இன்னொன்று கிடந்தது. கிளறக் கிளற வந்துகொண்டே இருந்தன.

"தாத்தா, கடல் எங்க?"

"கெழக்க இருக்கு. நெடுந்தூரம் போகணும்."

"சிப்பி இங்கன கெடக்கு. கடல் மட்டும் எதுக்கு அங்கன போச்சு?"

கடல் பின்வாங்கிவிட்டது என்று எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன். ஏன் பின்வாங்கியது, எப்போது, ஒரே நாளிலா மெல்ல மெல்லவா என்று அவள் அடுக்கிக் கேட்டாள். கொற்கையின் முத்தைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். கொற்கையின் மண்ணைப் பற்றி ஒரு வரியும் அறியேன். அன்று வீடு திரும்பும்வரை அவள் அந்தச் சிப்பிகளை மடியில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதன்பிறகு நிலவியல் என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கத் தொடங்கியது.

சேர்க்கைக்கு முந்தின சனிக்கிழமை இரவு உணவின்போது மகன் தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னான்: "அப்பா, நாங்க ரெண்டு பேரும் பேசுனா விடியாது. நீங்க நாளைக்குக் கயிறு சாத்திப் பாருங்க. வாரத நான் ஒத்துக்கிடுதேன். அவளும் ஒத்துக்கிடட்டும்."

கயிறு சாத்துவது எங்களைப் போன்ற சைவக் குடும்பங்களில் வழிவழியாக உள்ள பழக்கம். முடிவெடுக்க இயலாத நேரத்தில், பூசையில் இருக்கும் பதிகப் புத்தகத்தைப் பலகையில் வைத்து, வணங்கி, கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் நூலைத் தாள்களுக்கிடையே செருக வேண்டும். நூல் விழுந்த பக்கத்தில் உள்ள பாடலே இறைவனின் விடை. என் மகளின் திருமணத்துக்குச் சாத்தியிருக்கிறேன். இந்த வீட்டை மாடி எடுத்துக் கட்டியபோது சாத்தியிருக்கிறேன். மகனின் இடமாற்றத்துக்கும் சாத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நூல் எங்கள் ஊர்ப் பதிகத்திலேயே விழுந்தது. அவ்வளவு தடித்த புத்தகத்தில், அத்தனை ஊர்ப் பாடல்களுக்கு நடுவே, நெல்லைப் பெருமான் தன் ஊர்ப் பாட்டாலேயே எங்களுக்குப் பதில் சொல்கிறான் என்பதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பெருமிதமே உண்டு. உறவினர் வீடுகளில் இதைச் சொல்லி மெய்சிலிர்ப்பார்கள்.

பேத்தி சற்று யோசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "தாத்தா சாத்துனா சரி" என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. விடை தன் பக்கம் வராவிட்டால் கேட்டுக்கொண்டு கணினி படிக்கத்தான் போகிறாள் என்பது அந்தக் குரலில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாளையங்கோட்டையிலிருந்து என் மகள் வந்துவிட்டாள். செய்தி எப்படித்தான் போகுமோ! எதிர்வீட்டில் இருப்பவர் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. செய்தித்தாள் வாங்க வந்தவர், பூசையறை முன்னே பாய் விரித்திருப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே அமர்ந்துகொண்டார். நான் குளித்து, நீறு பூசி, பிள்ளையாரை வணங்கி, பேத்தியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, "இவளுக்கு உரிய கல்வியைக் காட்டியருள்க" என்று வேண்டிக்கொண்டு நூலைச் செருகினேன். மருமகள் கற்பூரம் காட்டினாள். புத்தகத்தைத் திறந்தேன்.

எங்கள் ஊர்ப் பதிகம்.

"பாத்தீகளா! பாத்தீகளா!" என்று மகள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி இரு கைகளையும் தலைமேல் குவித்தார். நான் கண் கலங்கப் பதிகம் முழுவதையும் பாடினேன். பாடி முடித்ததும் மகன்தான் முதலில் கேட்டான்.

"சரி. இதுல என்ன சொல்லுதாரு?"

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. எந்தச் சிவத்தலப் பாடலை எடுத்தாலும் அதில் பிறை இருக்கும், பாம்பு இருக்கும், கொன்றை இருக்கும், கங்கை இருக்கும், நீறு இருக்கும்.

"இதுல என்ன சந்தேகம்? பாம்பு, மான், புலித்தோலு. விலங்கியல்தான்" என்றாள் மகள்.

"அவங்க குடுக்குறதுல விலங்கியல் இல்ல மதினி" என்றாள் மருமகள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிறை தேயுது, வளருது. அதுக்குக் கணக்கு வேணும்லா மாமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"கணக்கும் இல்லையே, தாயி."

"நீறு இருக்கு பாருங்க. சாம்பல்னா வேதியியல். நான் பித்தளை வெளக்குறதே அதுலதான்" என்றார் அண்ணாச்சி.

மகன் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். "எல்லாரும் சும்மா இருங்க. பூதகணங்கள் சூழ ஆடுதாரு. எத்தன பூதம்? மனுசனால எண்ண முடியுமா? முடியாது. அத்தனையும் எண்ணணும்னா என்ன வேணும்? கம்ப்யூட்டர்."

"வே, பூதத்த எண்ணவா பிள்ளையக் காலேஜுக்கு அனுப்புதீரு?" என்றார் அண்ணாச்சி.

பேத்தி பாயில் முன்னே நகர்ந்து வந்தாள். இப்போது, "அவரு இருக்குறது மலையிலப்பா. மலைன்னா கல்லு" என்றாள்.

"நீ பேசக் கூடாது. யாருக்காகச் சாத்துதோமோ அவங்க பேசக் கூடாது."

"இது எதுல எழுதியிருக்கு?"

"இப்ப நான் சொன்னேம்லா."

அவள் சிரித்துவிட்டாள். "ஆக மொத்தம் காலேஜுல இருக்குற எல்லா டிபார்ட்மெண்டையும் அவரு தலையிலயும் கழுத்துலயும் சூடிக்கிட்டுத்தான் ஆடுதாரு" என்றாள். நான் அதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். கேலிக்குச் சொன்னாளா, பக்தியில் சொன்னாளா என்று பிரிக்க முடியவில்லை. ஓதிப் பழகிய எனக்கு இத்தனை காலம் தோன்றாத ஓர் அழகு அதில் இருந்தது.

இதற்குள் அவள் புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். மூடினாள். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே முதுகு கீழாக நிறுத்தி, கைகளை மெல்ல விலக்கினாள். புத்தகம் தானாக விரிந்தது. எங்கள் ஊர்ப் பதிகம். மறுபடி மூடி, மறுபடி விலக்கினாள். அதே பக்கம். அவள் முகம் மாறியது. ஒன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியும், கண்டுபிடித்திருக்க வேண்டாமே என்ற கலக்கமும் ஒன்றாக அதில் தெரிந்தன.

"தாத்தா, கோவப்படாதீங்க."

"சொல்லு."

"நீங்க தெனமும் காலையில இந்தப் பக்கத்தத்தான திறந்து ஓதுதீங்க? புத்தகத்தோட முதுகு இங்கன முறிஞ்சு போயிருக்கு. யாரு நூலப் போட்டாலும் இங்கனதான் விழும்."

மருமகளை அழைத்துக் கண்ணை மூடச் சொல்லி நூலைக் கொடுத்தாள். அதே பக்கம். அண்ணாச்சி, "எங்க, எங்கிட்டக் குடு" என்று வாங்கி, நீறு பூசிக்கொண்டு, மந்திரம்போல் ஏதோ முணுமுணுத்துச் செருகினார். அதே பக்கம். தாள்களின் இடுக்கில் பல காலத்து நீறும், காய்ந்துபோன ஒரு வில்வ இலையும் இருந்தன.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் புத்தகத்தையே பார்த்தார்கள். என் மகள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்ப எனக்கு ஒங்க மருமகனக் கட்டி வச்சது இந்தப் புத்தகத்தோட முதுகாப்பா?"

அண்ணாச்சிக்குப் புரையேறிவிட்டது. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன், "எனக்கு ராமநாதபுரத்துக்கு மாத்தல் வாங்கிக் குடுத்ததும் இதுதானா? அங்கன தண்ணியில்லாம நான் பட்ட பாடு!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"நான் இன்னிக்கே போயி அவருகிட்டச் சொல்லிருதேன். 'நம்ம கல்யாணம் பைண்டிங் சரியில்லாததால நடந்துபோச்சு'ன்னு."

"சொல்லாத தாயி. மனுசன் சந்தோசத்துல மயங்கி விழுந்துருவாரு" என்றார் அண்ணாச்சி.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியவில்லை. என்ன நேர்ந்தது என்று பிறகு எண்ணிப் பார்த்திருக்கிறேன். எந்த வருத்தமும் அங்கே இல்லை. ஓர் ஊர்ப் பெயரை நாள்தோறும் சொல்லிச் சொல்லி, ஒரு தடித்த நூலையே அந்த ஊர்ப்பக்கம் சாயவைத்திருக்கிறேன் என்பது எனக்கு நிறைவாகவே இருந்தது. பெருமான் அந்த முறிவின் வழியாகப் பேசமாட்டான் என்று நான் சொல்லத் துணியேன். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தோன்றியதே, அதற்காக அவளை அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அணைத்தும் கொண்டேன்.

மகன் விடுகிறவனா? "சரி, அப்ப புதுப் புத்தகம் வாங்கியாரேன். அதுல முதுகெல்லாம் நேரா இருக்கும்லா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ரதவீதியில் பூசைப்பொருள் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. காப்பி குடித்து முடிப்பதற்குள் திரும்பிவிட்டான். பசை மணம் மாறாத புதிய புத்தகம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றன. பேத்தி கைகளுக்கு நடுவே நிறுத்திப் பார்த்தாள். எந்தப் பக்கமும் சாயவில்லை.

"இது நல்ல புத்தகம்" என்று அவள் சான்று கொடுத்தபின்தான் மகனுக்கு மூச்சு வந்தது.

மீண்டும் வேண்டுதல், மீண்டும் நூல். இம்முறை அண்ணாச்சிகூடக் கால்மாற்றி உட்காராமல் கவனித்தார். திறந்தேன்.

அந்தப் பாட்டில் பிறை இல்லை. பாம்பு இல்லை. கொன்றை, நீறு, மான், மழு எதுவும் இல்லை. ஊரின் பெயர்கூட அந்தப் பாட்டில் இல்லை. 'நான் ஒன்றும் அறியேன், நீ இருக்கிறாய், அது போதும்' என்ற பொருளில் ஓர் அடியவர் உருகி நிற்கிறார். அவ்வளவே. பாடி முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

மகன் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேடினான். கணினி இல்லாவிட்டாலும், எண் என்ற ஒரு சொல்லாவது கிடைக்குமா என்று தேடியிருப்பான். தேடிக்கொண்டே இருந்தவன், சட்டென்று விரலை எடுத்துவிட்டான்.

"இதுல ஒண்ணுமே இல்லையேப்பா."

"ஆமா."

"அவரு ஒண்ணும் சொல்லலன்னா… நீங்களே பாத்துக்கிடுங்கன்னுதான அர்த்தம்?" அவன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். "நல்ல வேலை பண்ணுதாரு. இவ்வளவு பெரிய கோயில வச்சுக்கிட்டு, முடிவு மட்டும் நம்ம தலையில."

அப்போது அவன் செய்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. புத்தகத்தை மூடிப் பலகையில் வைத்துவிட்டு, பாயில் மகளுக்கு நேர் எதிரே திரும்பி உட்கார்ந்தான்.

"ஏளா, நெசமாச் சொல்லு. அதுல என்ன இருக்கு? மூணு வருசம் படிச்சுட்டு என்ன செய்வ?"

அந்த வாரம் முழுவதும் நடந்த வாதத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேலி இல்லாமல் அவளிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கேட்கப்படுவதற்காகவே காத்திருந்தவள்போலச் சொன்னாள். கொற்கையில் கிடந்த சிப்பியைப் பற்றிச் சொன்னாள். மலையிலிருந்து நம் ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து கரை வளர்ந்திருக்கலாம், தரை மேலெழுந்திருக்கலாம், இரண்டும் நடந்திருக்கலாம். மண்ணை ஆழமாகத் துளைத்து, அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கண்டால்தான் எது உண்மை என்று சொல்ல முடியும். அதற்கு இளநிலைப் படிப்பு போதாது. முதுநிலைக்கு நாடு முழுவதற்கும் ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதற்கு இரண்டாம் ஆண்டிலேயே படிக்கத் தொடங்க வேண்டும். ஆராய்ச்சி வாய்க்காவிட்டால் நிலத்தடி நீர் பார்க்கும் வேலை இருக்கிறது, கனிமத் துறை இருக்கிறது, ஆசிரியர் பணி இருக்கிறது. அக்கல்லூரியில் படித்த ஓர் அக்காவிடம் தொலைபேசியில் பேசி எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தாள்.

"கம்ப்யூட்டர் வேண்டாங்கல அப்பா. அதுலயும் இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனா எனக்குத் தெரிஞ்சுக்கிடணும்னு இருக்குறது கடல் ஏன் போச்சுங்கிறதுதான்."

மகன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து மாட்டிக்கொண்டான். பிறகு சொன்னான்: "வேலை கெடைக்காதுன்னு நான் சொன்னது பாதிதான். வெயில்ல சுத்தியல எடுத்துக்கிட்டுக் காடு மேடுன்னு அலையணும்கிறாங்க. நீ சைக்கிள்ல ட்யூஷன் போயிட்டு வாரதுக்குள்ளயே நான் நாலு தடவ வாசல எட்டிப் பாத்துருதேன். அதான்."

இதைக் கேட்டதும் அவள் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். தந்தை கணினி கணினி என்று முழங்கியதற்குள் இப்படி ஓர் அச்சம் ஒளிந்திருந்ததை அவளும் அறியவில்லை, நாங்களும் அறியவில்லை.

"நாளைக்குப் போவோம். காலேஜுல அவங்க வாயாலயே கேப்போம். கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று எழுந்துகொண்டான். முடிவு இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை நால்வரும் போனோம். வல்லநாட்டு மலையைத் தாண்டும்போது பேத்தி சாளரத்தோடு ஒட்டிக்கொண்டு அந்தக் குன்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கல்லூரியில் சேர்க்கை மேசைக்குப் போகும்முன் நிலவியல் துறையைப் பார்க்க வேண்டும் என்று மகன் கேட்டுக்கொண்டான். துறைத்தலைவர் ஒரு பெண்மணி. பருத்திச் சேலையும் காலில் தடித்த காலணியுமாக வந்தார். முந்தின வாரம்தான் மாணவர்களோடு மலைக்குப் போய்வந்தாராம்.

மகன் வங்கியில் கடன் கேட்டு வருபவரை விசாரிப்பதுபோல விசாரித்தான். களப்பயணத்தில் எங்கே தங்குவார்கள்? யார் உடன் போவார்கள்? பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?

"ஒவ்வொரு தடவையும் நானே போறேன் சார். இல்லன்னா இன்னொரு மேடம் போவாங்க. எங்க கிளாஸ்ல பாதிக்கு மேல பொண்ணுங்கதான். பயமா இருந்தா முதல் டிரிப்புக்கு நீங்களும் வாங்க. ஆனா ஏறணும், சொல்லிட்டேன்."

மகன் தன் வயிற்றை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பேத்தி கூரையைப் பார்த்தாள்.

பிறகு அவர் எங்களை ஒரு நீண்ட அறைக்கு அழைத்துப் போனார். இருபுறமும் கண்ணாடிப் பேழைகளில் கற்கள். பச்சை, கறுப்பு, ஊன்சிவப்பு, பால் வெண்மை. ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கருநீலத்தில் மினுமினுத்தது. மாஞ்சோலைக்கு ஏறும் வழியில் எடுத்ததாம். நம் மலை பிறந்த காலத்தில் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை, மனிதர் எவரும் இல்லாத காலத்தது என்றார். என் கை தானாக நெஞ்சுக்கு அருகில் போயிற்று. நாள்தோறும் கல்லின் முன்னே நின்று உருகுகிறவன் நான். கல்லின் வயதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. தொன்மைக்கும் தொன்மையானவன் என்று அவனை வாயாரப் பாடியிருக்கிறேன். அந்தச் சொல்லின் எடை அன்று உள்ளங்கையில் இருந்தது.

திரும்பிப் பார்த்தால், மகன் இன்னொரு பேழையின் முன்னே குனிந்து நிற்கிறான். துளைக்கருவியால் எடுத்த நீண்ட மண் உருளைகள் அங்கே வரிசையாகக் கிடந்தன. ஒன்றில் கறுப்பு, அதன்கீழ் மஞ்சள், அதன்கீழ் சாம்பல் நிறம், அதற்குள் பொடிப்பொடியாக வெள்ளைச் சிப்பித் துண்டுகள்.

"இது கடலுங்களா மேடம்?"

"ஒரு காலத்துல கடல். இப்ப அங்க நெல்லு வெளையுது."

"எங்க தெருவுல போர் போட்டோம் மேடம். எங்களுக்கு உப்புத் தண்ணி. அடுத்த வீட்டுல நல்ல தண்ணி. அது எப்பிடி?"

அவர் சிரித்தார். "மூணு வருசம் கழிச்சு உங்க பொண்ணுகிட்ட கேளுங்க சார்."

மகன் மறுபடி அந்த மண் உருளைகளின்மேல் குனிந்தான். பேத்தி தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மருமகளின் விரல்கள் வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருந்தாள்.

சேர்க்கை மேசையில் இருந்த அலுவலர், "ரெண்டு துறையிலயும் இடம் இருக்கு. எது வேணும்?" என்று கேட்டார். பேத்தி தந்தையைப் பார்த்தாள். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தான், சொல்லும்வரை பொறுத்திருந்தாள்.

"நிலவியல்" என்றான் மகன்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ்லயும் பேரு இருக்கு சார். அதுக்கு ரொம்பப் பேரு கேக்குறாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுதீங்களா?"

"ஒரு வாரமா வேற வேலையே பாக்கல சார். அத அடுத்த பிள்ளைக்குக் குடுங்க."

பேத்தி அங்கேயே, வரிசையில் நின்றவர் அனைவரும் பார்க்க, தந்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "சரிளா, சரிளா. பைய. சட்டை கசங்குது" என்று அவன் சொல்லிக்கொண்டே அவள் தலையைத் தடவினான். அவன் கண்ணாடி நனைந்திருந்ததை நான் பார்த்தேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வாசலில் இறங்கியதும் நான்கு பேரும் கரும்புச்சாறு குடித்தோம். மருமகள் மட்டும், "நிலவியல்லயும் கணக்கு ஒரு பேப்பர் இருக்காம்லா" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லி மகிழ்ந்துகொண்டாள்.

வகுப்புகள் தொடங்கிவிட்டன. இப்போது பேத்தி வீட்டுக்கு வந்தால் காலணியில் மண் இருக்கிறது. அதைத் துடைக்கும்முன் தன் தந்தைக்கு அது என்ன மண் என்று விளக்கம் நடக்கிறது. அவன் விடாமல் கேள்வி கேட்கிறான். நான் உள்ளே ஓதிக்கொண்டிருப்பேன்; அவர்கள் குரலும் என் குரலும் ஒன்றையொன்று இடறுவதில்லை.

இதைப் படிக்கும் அனைவரும் நலம் பெறுக. எந்தப் படிப்பு, எந்த வழி என்று கலங்கி நிற்கும் பிள்ளைகளுக்குத் தாங்கள் அறிய விரும்புவது எது என்ற தெளிவு பிறக்குக. அவர்களைப் பெற்றவர்களுக்கு, தம் அச்சத்தை மறைக்காமல் சொல்லவும், பிள்ளையின் விடையை முழுதும் கேட்கவும் மனம் வாய்க்குக. மலையில் மழை பொய்க்காமல், ஆற்றில் நீர் குறையாமல், கற்பிப்போரும் கற்போரும் உள்ள இல்லங்களில் எல்லாம் சிரிப்பொலி நிறைக. அம்மையும் அப்பனும் உங்கள் அனைவருக்கும் துணையிருப்பார்களாக.